கடைமடைக்கு எட்டாத ரத்தம்

1984-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வோங்கும் அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவற்றில் படிந்து கிடந்த அமிலாய்டு என்னும் பொருள் எந்தப் புரதத்தால் ஆனது என்பதுதான் கேள்வி. நரம்புச் செல்களுக்கு இடையே புதைந்திருக்கும் படிவுகளைக் கலப்பில்லாமல் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே அவர்கள் வேறு இடத்தில் கைவைத்தார்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் ஓடும் ரத்தக்குழாய்களை உரித்தெடுத்து, அவற்றின் சுவரில் படிந்திருந்த அமிலாய்டைக் கரைத்துத் தூய்மைப்படுத்தினார்கள். கடைசியில் கிடைத்தது மிகச் சிறிய ஒரு புரதத் துண்டு. இன்று அமிலாய்டு பீட்டா என்று அழைக்கப்படுவது அதுதான். மறு ஆண்டே, நரம்புச் செல்களுக்கு நடுவில் உள்ள படிவுகளும் அதே புரதத்தால் ஆனவைதான் என்று காலின் மாஸ்டர்ஸ், கொன்ராட் பைராய்தர் குழுவினர் காட்டினார்கள்.

ஆக, அல்சைமர் ஆய்வு முழுவதும் எந்தப் புரதத்தைச் சுற்றி வருகிறதோ, அது முதலில் கைக்குக் கிடைத்தது ரத்தக்குழாயின் சுவரிலிருந்துதான். அதன்பிறகு ஆய்வாளர்களில் பெரும்பாலோர் புரதத்தின் பின்னால் போனார்கள். அது கிடைத்த இடத்தைப் பற்றி நினைத்தவர்கள் குறைவு. நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்தப் புரதத்தை அகற்றும் மருந்துகள் சந்தைக்கு வந்துவிட்ட நிலையில், அந்தச் சுவரைப் பற்றிப் பேசாமல் அல்சைமர் சிகிச்சையைப் பற்றிப் பேச முடியாது என்றாகியிருக்கிறது.

உண்மையில், அலோயிஸ் அல்சைமரே இதைப் பார்த்திருந்தார். 1906-இல் இறந்த அகஸ்ட்டெ டீட்டர் என்ற பெண்ணின் மூளையை அவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, செல்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தெரிந்தன. பாடநூல்கள் எல்லாம் அவற்றைச் சொல்கின்றன. பெரிய ரத்தக்குழாய்கள் தடித்திருந்ததையும் சிறு குழாய்களின் உட்படலம் வளர்ந்திருந்ததையும் அதே குறிப்பில் அவர் எழுதிவைத்தார். அவற்றை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை தலைகீழாக இருந்தது. வயதானவர்களுக்கு வரும் மறதிநோய்க்கெல்லாம் ரத்தக்குழாய் தடிப்பதே காரணம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸ்ட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவரும் மூளையில் படிவுகள் கூடக்கூட அறிவுத்திறன் குறைவதைக் காட்டியபின் காற்று திசைமாறியது. பக்கவாதங்களால் வருவது ஒரு மறதிநோய், புரதப் படிவால் வருவது வேறொரு மறதிநோய் என்று இரண்டு தனித்தனிப் பெட்டிகள் உருவாயின. ஆனால் முதியவர்களின் மூளை இந்தப் பிரிவினைக்குக் கட்டுப்படவில்லை. மறதிநோயோடு இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்தால், பலரிடம் இரண்டும் கலந்தே கிடந்தன.

இந்தக் கலப்பு எவ்வளவு முக்கியம் என்பதைக் கன்னியர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் நோட்ரடாம் சபையைச் சேர்ந்த 678 கத்தோலிக்கக் கன்னியர் தங்கள் மூளையை இறப்புக்குப்பின் ஆய்வுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரே வகை உணவு, ஒரே வகை வாழ்க்கை என்பதால் ஒப்பிடுவது எளிது. டேவிட் ஸ்னோடன் 1997-இல் வெளியிட்ட முடிவுகளில், 61 பேரின் மூளைகள் அல்சைமருக்குரிய படிவுகளைக் கொண்டிருந்தன. படிவு இருந்த எல்லாருமே மறதியில் வீழ்ந்துவிடவில்லை. மூளையின் ஆழத்தில் ரத்தம் எட்டாமல் செத்துப்போன மிகச்சிறு திட்டுகள் ஒன்றிரண்டு கூடவே இருந்தவர்களிடம்தான் மறதிநோய் பன்மடங்கு அதிகமாக வெளிப்பட்டது. படிவின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த மூளை, ரத்தமும் குறைந்தபோது தாங்க முடியாமல் போனது.

சேமிப்பில்லாத உறுப்பு

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வில் இருக்கும்போதுகூட உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 மில்லிலிட்டர் ரத்தம் அதன் வழியே ஓடுகிறது. கல்லீரலைப் போலவோ தசையைப் போலவோ பெரிய சேமிப்பு எதுவும் மூளைக்கு இல்லை. ரத்தம் நின்றால் பத்து நொடிகளுக்குள் நினைவு தப்பிவிடும்.

வேலை செய்யும் பகுதிக்கு அந்த நேரத்தில் கூடுதல் ரத்தம் போக வேண்டும். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை 1890-இல் சார்லஸ் ராயும் சார்லஸ் ஷெரிங்டனும் எடுத்துச் சொன்னார்கள். மூளை எந்தக் கணத்தில் எங்கே வேலை செய்கிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. படங்கள் அனைத்தும் இந்த ஏற்பாட்டை நம்பியே எடுக்கப்படுகின்றன. நரம்புச் செல்லின் வேலையை நேரடியாகப் பார்க்க முடியாததால், அதற்காகப் பாயும் ரத்தத்தைப் படம் எடுக்கிறோம்.

இந்த ரத்தத்தைக் கொண்டுசேர்ப்பவை தந்துகிகள். மூளையில் உள்ள தந்துகிகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். நரம்புச் செல் ஒவ்வொன்றுக்கும் அருகில் ஒரு தந்துகியாவது உண்டு. உடலின் மற்ற பாகங்களில் உள்ள தந்துகிச் சுவர் ஓரளவு கசியும். மூளையில் அப்படியில்லை. 1885-இல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது எல்லா உறுப்புகளும் நிறம் மாறின, மூளை மட்டும் மாறவில்லை. மூளைத் திசு அந்தச் சாயத்தை ஏற்காது போலும் என்று அவர் நினைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் அதே வகைச் சாயத்தை ரத்தத்தில் விடாமல் மூளைத் தண்டுவடத் திரவத்தில் நேரே செலுத்தினார். இந்த முறை மூளை நிறம் மாறியது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. ஆக, நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. அது தந்துகியின் உட்சுவரில் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிக்கொண்டிருக்கும் இடம் என்பதை 1967-இல் தாமஸ் ரீஸும் மோரிஸ் கார்னோவ்ஸ்கியும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள்.

உட்சுவர்ச் செல்களுக்கு வெளியே பெரிசைட் என்னும் செல்கள் தந்துகியைக் கைகளால் பற்றியதுபோல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் செல்களின் பாதங்கள் பதிந்திருக்கின்றன. மூன்றும் சேர்ந்துதான் ரத்த-மூளைத் தடுப்பைக் கட்டிக்காக்கின்றன.

சுருங்கும் கடைமடை

பெரிசைட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதனால் சுருங்க முடியும். அது சுருங்கினால் அந்த இடத்தில் தந்துகி நெரிபடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டேவிட் அட்வெல்லின் குழு, அறிவுத்திறன் குறைந்த நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட மூளைத் திசுத் துணுக்குகளை ஆராய்ந்து, 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டது. அமிலாய்டு பீட்டா இருக்கும் மூளையில் தந்துகிகள் சுருங்கியிருந்தன, அதுவும் பெரிசைட் உட்கார்ந்திருக்கும் இடங்களில். அமிலாய்டு பீட்டா ஆக்சிஜனின் தீவிர வினைபுரியும் வடிவங்களை உண்டாக்குகிறது. அவை எண்டோதீலின் என்ற பொருளைச் சுரக்க வைக்கின்றன. எண்டோதீலின் பெரிசைட்டை இறுக்குகிறது. எலிகளில் பார்த்தபோது, தந்துகிகள் இறுகினவே தவிர அவற்றுக்கு ரத்தம் அனுப்பும் சிறுதமனிகள் இறுகவில்லை.

டெல்டா விவசாயிகளுக்கு இது புரியாத விஷயமல்ல. அணையில் தண்ணீர் திறந்திருக்கும், தலைமடையில் வாய்க்கால் நிரம்பி ஓடும், ஆனால் கடைமடை வயல் காய்ந்து கிடக்கும். கழுத்தில் உள்ள பெரிய தமனிகளை ஸ்கேன் செய்து அடைப்பு இல்லை என்று சொன்னாலும், மூளையின் கடைமடையில் ரத்தம் போதாமல் இருக்க முடியும்.

சுருக்கம் சிறிதாக இருந்தாலும் விளைவு பெரிது. குழாயில் ஓடும் நீரின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது பாய்சொய் விதி. ஆரம் பத்து விழுக்காடு குறைந்தால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருபது விழுக்காடு குறைந்தால் பாதிக்கு மேல் போய்விடும். இது நீருக்கான கணக்கு. தந்துகிக்குள் ஓடுவதோ செல்கள் நிறைந்த ரத்தம். சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான், பல தந்துகிகளின் குறுக்களவு அதைவிடக் குறைவு. சிவப்பணு வளைந்து நெளிந்துதான் உள்ளே போகிறது. வெள்ளையணு இன்னும் விறைப்பானது.

அந்த வெள்ளையணுக்கள் எப்படி மாட்டிக்கொள்கின்றன என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஷாஃபரும் நோசோமி நிஷிமுராவும் உயிரோடிருக்கும் எலிகளின் மூளையில் நேரடியாகவே பார்த்தார்கள். அல்சைமரைப் போன்ற நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் தந்துகிச் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்தன. எந்த நேரத்தில் பார்த்தாலும் அடைபட்டிருந்தவை நூற்றுக்கு இரண்டு தந்துகிகள்கூட இல்லை. ஆனாலும் ஒரு தந்துகி அடைபட்டால் அதற்குக் கீழே உள்ள பலவற்றிலும் ஓட்டம் தளரும். நியூட்ரோபில்கள் ஒட்டுவதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியதும் எலிகளின் மூளையில் ரத்த ஓட்டம் கூடியது, சில மணி நேரத்திலேயே நினைவாற்றல் சோதனைகளிலும் அவை மேம்பட்டன.

மனிதர்களில் இவ்வளவு எளிதாக எதுவும் நடந்துவிடவில்லை. நில்வாடிபைன் என்ற ரத்த அழுத்த மாத்திரையை ஐரோப்பாவில் 500-க்கும் மேற்பட்ட அல்சைமர் நோயாளிகளுக்கு 18 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சிறு குழுவில் அளந்தபோது, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் போனது தெரிந்தது. ஆனால் மொத்தத்தில் அறிவுத்திறன் சரிவு தணியவில்லை. செத்த செல்லுக்கு ரத்தம் கொடுத்துப் பயனில்லை. சோதனையில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே நோய் வெளிப்பட்டவர்கள்.

அப்படியென்றால் எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும்? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இட்டூரியா-மெடினா குழு 1,171 பேரின் 7,700-க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை வைத்து, எந்த மாற்றம் முதலில் தலைகாட்டுகிறது என்று 2016-இல் கணக்கிட்டது. அமிலாய்டுக்கும் முன்னதாக ரத்த ஓட்டத்தில்தான் கோளாறு தெரிந்தது. இது புள்ளியியல் மாதிரியில் கிடைத்த வரிசை. அதனால் ரத்த ஓட்டக் கோளாறுதான் அமிலாய்டை உண்டாக்குகிறது என்று நிரூபணமாகிவிடவில்லை. ஆனாலும் எந்த வயதில் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதற்கு அது ஒரு தடயம்.

கழிவு போகும் வழியும் அதே சுவர்

அமிலாய்டு பீட்டா நோயாளிகளிடம் மட்டும் உண்டாவதல்ல. எல்லாருடைய மூளையிலும் அது நாள்தோறும் உற்பத்தியாகிறது, நாள்தோறும் வெளியேறவும் செய்கிறது. முதுமையில் வரும் அல்சைமரில் உற்பத்தி கூடுவதைவிட வெளியேற்றம் குறைவதே பெரிய சிக்கல் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

வெளியேறும் பாதைகளில் முக்கியமானது ரத்தக்குழாய்ச் சுவர்தான். தந்துகிச் செல்களில் உள்ள எல்.ஆர்.பி.1 என்ற புரதம் அமிலாய்டு பீட்டாவைப் பிடித்து ரத்தத்துக்குள் தள்ளுகிறது. ரேஜ் என்ற இன்னொரு புரதம் ரத்தத்தில் இருப்பதை மூளைக்குள் இழுக்கிறது. முதுமையிலும் நோயிலும் முன்னது குறைகிறது, பின்னது கூடுகிறது. கொஞ்சம் கழிவு ரத்தக்குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்கு இடையே ஊர்ந்தும் வெளியே போகிறது. அந்தப் பாதையில் தேக்கம் வந்தால் அமிலாய்டு சுவரிலேயே படிந்து, குழாயை நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்குகிறது. கிளென்னர் உரித்தெடுத்த குழாய்களில் இருந்தது இந்தப் படிவுதான்.

ஆக இது ஒரு சுழல். சுவர் பழுதானால் அமிலாய்டு தேங்குகிறது, அமிலாய்டு தேங்கினால் சுவர் மேலும் பழுதாகிறது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பெரிஸ்லாவ் ஸ்லோகோவிச்சின் குழு இந்தக் கருத்தை நெடுங்காலமாக முன்வைத்து வந்தது. அல்சைமருக்கான மிகப் பெரிய மரபணு ஆபத்தாகக் கருதப்படும் அபோ-இ4 உள்ளவர்களுக்கு, நினைவு நன்றாக இருக்கும்போதே ஹிப்போகேம்பஸில் தடுப்பு கசிகிறது என்று அந்தக் குழு 2020-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது.

மருந்து முதலில் தொடும் இடம்

இந்தப் பின்னணியோடு புதிய மருந்துகளைப் பார்த்தால் அவற்றின் நன்மையும் ஆபத்தும் ஒருங்கே விளங்கும். லெக்கானமாப், டொனானமாப் ஆகியவை அமிலாய்டைப் பிடித்து அகற்றும் எதிர்ப்பொருள்கள். லெக்கானமாப்பை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் மருந்து பெற்றவர்களின் சரிவு 0.45 புள்ளி குறைவாக இருந்தது, அதாவது சரிவின் வேகம் 27 விழுக்காடு மட்டுப்பட்டது. 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டு டொனானமாப்புக்கும் கிடைத்தது. நோய் நிற்கவில்லை, மெதுவாகிறது. அந்த அளவில் இவை உண்மையான முன்னேற்றம்.

ஆனால் லெக்கானமாப் பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. டொனானமாப்பில் 24 விழுக்காடு. நுண்ணிய ரத்தக்கசிவுகளும் கூடின. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இல்லை, தானாகவே சரியாகிவிட்டது. சிலருக்கு அது ஆபத்தாகவும் முடிந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அபோ-இ4 பெற்றவர்களில், லெக்கானமாப் எடுத்தவர்களுக்கு வீக்கம் 32.6 விழுக்காடு.

காரணம் குழாய்ச் சுவரில் இருக்கிறது. எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஏற்றப்படுகிறது. மூளைக்குள் போகும் வழியில் அது முதலில் சந்திப்பது சுவரில் படிந்த அமிலாய்டைத்தான். அங்கே நோயெதிர்ப்புச் செல்கள் கூடுகின்றன. பல ஆண்டுகளாகத் தசைச் செல்களைத் தின்று அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த அமிலாய்டு அகலும்போது, சுவர் கசிகிறது. லெக்கானமாப் எடுத்துவந்த 65 வயதுக்காரர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, வழக்கம்போல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. ஊசி போடப்பட்டது. மூளையெங்கும் ரத்தம் கசிந்து அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு கனமாகப் படிந்திருந்தது தெரிந்தது. இப்போது இந்த மருந்து எடுப்பவர்களுக்குப் பக்கவாதம் வந்தால் என்ன செய்வது என்று மருத்துவமனைகள் தனி விதிமுறை வகுத்துக்கொள்கின்றன.

தடுப்பைத் தாண்ட இரண்டு வழிகள்

எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறு. ரத்தத்தில் ஏற்றுவதில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் மூளைக்குள் போகும். இதைச் சமாளிக்க ரோஷ் நிறுவனம் உருவாக்கிய டிரான்டினமாப் ஒரு தந்திரம் செய்கிறது. இரும்புச் சத்தைத் தாங்கிவரும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்துக்காகத் தந்துகிச் சுவரில் தனி வாசல் உண்டு. இந்த மருந்து அந்த வாசலைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. தந்துகிகள் வழியே மூளை முழுவதும் பரவுவதால், அமிலாய்டு கனமாகப் படிந்த பெரிய குழாய்களில் அது குவிவதில்லை. ஆரம்பக்கட்டச் சோதனையில் வீக்கம் 5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. மூன்றாம் கட்டச் சோதனை முடிந்தால்தான் இது பெரிய கூட்டத்திலும் நிற்குமா என்று சொல்ல முடியும்.

இன்னொரு வழி ஒலி. ரத்தத்தில் மிக நுண்ணிய குமிழ்களை ஏற்றி, மூளையின் குறிப்பிட்ட இடத்தில் மீயொலியைக் குவித்தால், குமிழ்கள் அதிர்ந்து தடுப்பைச் சற்று நேரத்துக்குத் திறக்கும். பிறகு அது தானாக மூடிக்கொள்ளும். அல்சைமர் நோயாளிகளிடம் இதை முதலில் செய்துகாட்டியது கனடாவின் டொராண்டோவில் உள்ள சன்னிபுரூக் மருத்துவமனை, 2018-இல். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அலி ரெசாயின் குழு மூன்று நோயாளிகளுக்கு எதிர்ப்பொருளோடு மீயொலியையும் சேர்த்துக் கொடுத்தது. மீயொலி பட்ட பகுதிகளில் அமிலாய்டு சராசரியாக 32 விழுக்காடு கூடுதலாகக் குறைந்தது. மூன்றே பேர் என்பதால் இது ஒரு தொடக்கம் மட்டுமே.

ஐம்பது வயதின் பிரஷர்

இவையெல்லாம் பெரிய மருத்துவமனைகளில், பெரும் செலவில் நடப்பவை. ரத்தக்குழாய்க்கு நன்மை செய்து மறதியைத் தள்ளிப்போடும் மருந்துகள் ஏற்கெனவே சாதாரண மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. அவை பிரஷர் மாத்திரைகள்.

அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட்-மைண்ட் ஆய்வில் 9,361 பேர் சேர்ந்தார்கள். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு பாதிப் பேருக்கு 140-க்குக் கீழே, மீதிப் பேருக்கு 120-க்குக் கீழே இருக்கும்படி சிகிச்சை அளிக்கப்பட்டது. 2019-இல் வெளியான முடிவின்படி, கறாராகக் கட்டுப்படுத்தியவர்களில் மறதிநோய்க்கு முந்தைய நிலையான லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 விழுக்காடு குறைந்தது. முழு மறதிநோயும் குறைவாகவே இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை சேரவில்லை. ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

விட்ட இடத்தைச் சீனக் கிராமங்கள் நிரப்பின. 326 கிராமங்களில் உயர் ரத்த அழுத்தம் கொண்ட 33,995 பேர். பாதிக் கிராமங்களில் ஊர் வைத்தியப் பணியாளர்களே மாத்திரையைத் தொடங்கி, அளவைக் கூட்டிக் குறைத்து, வீட்டிலேயே பிரஷர் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, 130/80-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். இவர்கள் மருத்துவப் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். நான்கு ஆண்டுகளில் மறதிநோய் 15 விழுக்காடு குறைந்தது. 2025-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழ் இதை வெளியிட்டது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்பது லாசி-டாட் ஆய்வின் கணிப்பு. தமிழ்நாட்டில் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு இவற்றை மனத்தில் வைத்துத் தொடங்கியது அது. சீனக் கிராமங்களின் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால், மறதிநோயைத் தடுக்கும் திட்டமாகவும் அதைக் கருதலாம்.

காலம்தான் முக்கியம். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், 50 வயதில் மேல் அழுத்தம் 130-ஐத் தொட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் அதிகம் வந்தது. 60, 70 வயதில் எடுத்த அளவோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஐம்பதில் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே மாத்திரை வேண்டாம் என்று விட்டுவிடுகிற வயதும் அதுதான்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. லெக்கானமாப் போன்ற மருந்தைத் தொடங்கும் முன் எம்.ஆர்.ஐ. எடுத்து மூளையில் பழைய நுண்கசிவுகளை எண்ணுவார்கள். நான்குக்கு மேல் இருந்தால் பொதுவாக மருந்து கொடுப்பதில்லை. அமிலாய்டு படிந்த குழாய்கள் மூளையின் மேற்பரப்பை ஒட்டிக் கசியும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் ஆழத்தில் கசிய வைக்கும். எண்ணும்போது இரண்டும் சேர்த்தே எண்ணப்படும். நாளை இதைவிட நல்ல எதிர்ப்பொருள் வரலாம், அது நம் ஊர் மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகும் விலையிலும் வரலாம். அதை ஏற்கும் தகுதி ஒருவருக்கு எழுபது வயதில் இருக்குமா என்பது, ஐம்பது வயதில் அவர் பிரஷர் மாத்திரையை ஒழுங்காக எடுத்தாரா என்பதையும் பொறுத்திருக்கிறது.